யாருடன் ஒப்பந்தம் போடுகிறோம்? ‘சைனா டிஃபென்ஸ் யுனிவர்சிட்டீஸ் டிராக்கர்’ தளம்: ஒரு மதிப்புரை

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துடன் கூட்டாய்வு செய்யப் போகிறோம் என்று ஒரு பேராசிரியர் விண்ணப்பம் கொடுத்தவுடன், ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வு அலுவலகங்களில் முதலில் எழுகிற கேள்வி மிக எளியது: அந்த நிறுவனம் யாருடையது? கூட்டாளி சீனாவில் இருந்தால் இந்த எளிய கேள்விக்கு விடை காண்பதுதான் மிகவும் கடினம். அங்கே சாதாரணப் பெயர் கொண்ட ஒரு கல்விக்கூடம் ராணுவத்தின் கீழோ உளவு அமைச்சகத்தின் கீழோ இருக்கக்கூடும், அதைச் சொல்லும் ஆவணங்கள் பெரும்பாலும் சீன மொழியில் மட்டுமே கிடைக்கும். ஆஸ்திரேலிய வியூகக் கொள்கை நிறுவனம், அதாவது ஆஸ்பி, 2019 நவம்பரில் வெளியிட்ட ‘சைனா டிஃபென்ஸ் யுனிவர்சிட்டீஸ் டிராக்கர்’ என்ற இணையத் தரவுத்தளம் இந்தக் கேள்விக்காகவே கட்டப்பட்டது. கட்டணம் கிடையாது. ஆய்வு ஒப்பந்தங்களைச் சரிபார்க்கும் வேலையோடு தொடர்புடைய எவருக்கும் இது பழகிய கருவி என்பதால், அது எதைச் செய்கிறது, எதைச் செய்யவில்லை, அதை எப்படித் தவறாகப் பயன்படுத்துகிறோம் என்பதைச் சற்று விரிவாகவே எழுதலாம் என்று நினைக்கிறேன்.

தளத்துக்கு ஒரு முன்கதை உண்டு. 2018 அக்டோபரில் இதே ஆஸ்பி வெளியிட்ட அறிக்கையொன்று, சீன மக்கள் விடுதலை ராணுவம் 2007 முதல் தன் அறிவியலாளர்களிலும் பொறியாளர்களிலும் 2,500-க்கும் மேற்பட்டோரை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குப் படிக்கவும் ஆய்வு செய்யவும் அனுப்பியிருக்கிறது என்று கணக்கிட்டது. அமெரிக்காவும் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் கனடாவும் அவர்கள் அதிகம் சென்ற நாடுகளில் அடக்கம். வந்தவர்களில் பலர் தங்கள் ராணுவப் பல்கலைக்கழகத்தின் பெயரை மறைக்கவில்லை. விருந்தினராக ஏற்றவர்கள்தான் அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று விசாரிக்கவில்லை. ஆனால் வேறு சிலர் உலகில் எங்குமே இல்லாத நிறுவனங்களின் பெயரைத் தங்கள் ஆய்வுக் கட்டுரைகளில் எழுதிக்கொண்டார்கள். ‘ஜெங்ஜோ தகவல் அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம்’ என்பது ராணுவத்தின் தகவல் பொறியியல் பல்கலைக்கழகத்துக்கு வைத்த வெளிப்பெயர். ‘ஷியான் உயர் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம்’ என்பது ஏவுகணைகளைக் கையாளும் ராக்கெட் படையின் பொறியியல் பல்கலைக்கழகம். ‘சாங்ஷா தொழில்நுட்பக் கழகம்’ என்று எழுதப்பட்டிருந்தால் அது தேசியப் பாதுகாப்புத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மக்கள் விடுதலை ராணுவத்தின் தலையாய ஆய்வுக்கூடம். ஆண்டுக்கணக்கில் இந்தப் பெயர்களோடு ஆராய்ச்சி இதழ்களில் கட்டுரைகள் வெளிவந்தன. இணையாசிரியர்களாக நம் பக்கத்துப் பேராசிரியர்களும் இருந்தார்கள். இந்த நிலையில், பெயரைத் தட்டினால் ஆள் யார் என்று சொல்லும் ஒரு இடம் தேவைப்பட்டது.

வெளியானபோது தளம் சுமார் 160 நிறுவனங்களை உள்ளடக்கியிருந்தது. இடரின் அளவுப்படி அவை தட்டுகளாகப் பிரிக்கப்பட்டன. அவற்றில் ‘மிக உயர் இடர்’ தட்டில் 92 நிறுவனங்கள் இருந்தன: ராணுவத்துக்குச் சொந்தமானவை 52, பாதுகாப்பு, உளவு அமைப்புகளைச் சேர்ந்தவை 8, குடிமைப் பல்கலைக்கழகங்கள் 20, ஆயுதத் தொழில் பெருநிறுவனங்கள் 12. அதற்குக் கீழே ‘உயர் இடர்’ தட்டில் 23-உம், நடுத்தரம் அல்லது குறைவு என்று 44-உம் வைக்கப்பட்டன. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு பக்கம். அதில் சீனப் பெயர், எந்த வகையைச் சேர்ந்தது, எந்த அமைச்சகம் மேற்பார்க்கிறது, பாதுகாப்பு ஆய்வகங்கள் எவை, எந்தத் துறைகள் பாதுகாப்புத் துறைகளாக அறிவிக்கப்பட்டுள்ளன, உளவு அல்லது சட்டவிரோத ஏற்றுமதி வழக்கில் பெயர் அடிபட்டிருக்கிறதா என்ற விவரங்கள். இவற்றில் பெரும்பகுதிக்குச் சீன மூல ஆவணங்களின் இணைப்பும் உண்டு. என் பார்வையில் இந்த இணைப்புகள்தான் தளத்தின் உயிர். இதைப் பின்னால் விளக்குகிறேன்.

ராணுவப் பல்கலைக்கழகத்தை அடையாளம் காண்பதில் பெரிய கெட்டிக்காரத்தனம் தேவையில்லை. பெய்ஜிங்கில் உள்ள சர்வதேச உறவுகள் பல்கலைக்கழகம் அரசுப் பாதுகாப்பு அமைச்சகத்தோடு, அதாவது சீனாவின் உளவு அமைப்போடு, இணைந்தது என்பதை அறிவது அதைவிடக் கடினம். பெயரைப் பார்த்தால் இளநிலைப் பட்டதாரிகள் ராஜதந்திர வரலாறு படிக்கும் இடம் என்றுதான் தோன்றும். இன்னும் நுட்பமானது ‘தேசப் பாதுகாப்பின் ஏழு புதல்வர்கள்’ எனப்படும் குழு. பெய்ஹாங், பெய்ஜிங் தொழில்நுட்பக் கழகம், ஹார்பின் தொழில்நுட்பக் கழகம், ஹார்பின் பொறியியல் பல்கலைக்கழகம், வடமேற்குப் பாலிடெக்னிக் பல்கலைக்கழகம், நான்ஜிங்கின் வானூர்தி விண்வெளிப் பல்கலைக்கழகம், அதே நகரின் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகிய ஏழும் கல்வி அமைச்சகத்தின் கீழ் வரமாட்டா. தொழில், தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் வரும். வெளிப்பார்வைக்கு இவை நல்ல பொறியியல் பல்கலைக்கழகங்கள். உலகத் தரவரிசைகளில் இடம்பெறுபவை. ஆயிரக்கணக்கான சாதாரண மாணவர்கள் படிக்கும் இடங்கள். ஆனால் சீன ஆயுதத் தொழிலுக்கு ஆள் சேர்க்கும் முதன்மை நாற்றங்கால் இவையே. தளத்தின் பக்கங்களைப் படித்தால் இந்த இரு உண்மைகளும் ஒரே இடத்தில் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பது புரிகிறது.

பக்கங்களில் நான் முதலில் தேடுவது ரகசியத் தகுதிச் சான்று. ஆயுத ஆய்வில் பங்கேற்க விரும்பும் சீனப் பல்கலைக்கழகம், ரகசியங்களைக் காக்கும் ஏற்பாடு தன்னிடம் இருப்பதாகச் சான்று பெற வேண்டும். அது மூன்று நிலைகளில் வரும். முதல் நிலைச் சான்று பெற்ற நிறுவனம் மிக உயர்ந்த ரகசியத் திட்டங்களைக்கூட ஏற்கலாம், இரண்டாம், மூன்றாம் நிலைகளுக்கு வரம்பு படிப்படியாகக் குறையும். ஒரு குடிமைப் பல்கலைக்கழகம் ராணுவத்துக்காக எந்த அளவுக்கு வேலை செய்ய ஆயத்தமாக இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேறில்லை. அந்தப் பல்கலைக்கழகங்களே பெருமையோடு அறிவித்துக்கொண்ட செய்தி இது. அதுபோலவே, சீனாவின் பாதுகாப்புத் தொழில்துறையைக் கவனிக்கும் அமைப்பான, தேசப் பாதுகாப்புக்கான அறிவியல், தொழில்நுட்ப, தொழில்துறை அரசு நிர்வாகம் கல்வி அமைச்சகத்தோடு அல்லது மாகாண அரசோடு சேர்ந்து ஒரு பல்கலைக்கழகத்தை ‘கூட்டாகக் கட்டியெழுப்பும்’ ஒப்பந்தங்களும் கவனிக்கத்தக்கவை. 61 பல்கலைக்கழகங்களை அந்த நிர்வாகம் மேற்பார்க்கிறது என்று தளத்தோடு வெளிவந்த அறிக்கை சொல்கிறது. இவை எல்லாம் வதந்தியாகவோ பெயர் சொல்லாத அதிகாரியின் கூற்றாகவோ வராமல், ஆவணமாக வருகின்றன. வெளிநாட்டுத் தலையீடு பற்றி எழுதப்படும் பெரும்பாலானவற்றில் காணக் கிடைக்காத ஒழுங்கு இது.

குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை, தளத்தின் மிகப் பிரபலமான அம்சமான இடர்த் தட்டுகளிலேயே இருக்கிறது. ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஒரு தட்டு. ஹார்பின் தொழில்நுட்பக் கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள்களும் ரோபோக்களும் செய்யும் அந்த நிறுவனத்தில்தான் நகர நீர்வளத்துக்கும் சுற்றுச்சூழலுக்குமான தேசிய முதன்மை ஆய்வகமும் இருக்கிறது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் உலகமே மதிக்கும் குழு. அங்குள்ள ஒரு பேராசிரியரோடு கழிவுநீரில் நைட்ரஜனைக் குறைக்கும் பாக்டீரியாக்கள் பற்றி ஆய்வு செய்வதும், வேறொருவரோடு விண்கலங்களின் தானியங்கிக் கட்டுப்பாடு பற்றி ஆய்வு செய்வதும் ஒரே அளவு ஆபத்தா? தட்டு அப்படித்தான் சொல்லும். சிங்ஹுவா பல்கலைக்கழகமும் மிக உயர் இடர் தட்டில்தான் இருக்கிறது. அங்கே சட்டமும் பொருளியலும் கட்டடக் கலையும்கூடக் கற்பிக்கப்படுகின்றன. தளத்தை உருவாக்கியவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். தட்டுகள் விசாரணையைத் தொடங்க உதவும் வழிகாட்டிகள், பட்டியலில் இல்லாத நிறுவனம் பாதுகாப்பானது என்று பொருள் இல்லை என்று அவர்களே எச்சரிக்கிறார்கள். எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்? நேரமில்லாத குழுவொன்றின் முன் ‘மிக உயர் இடர்’ என்ற சொற்கள் வந்து நின்றால், திட்டம் எதைப் பற்றியது என்ற கேள்வி பெரும்பாலும் கேட்கப்படாமலே போய்விடுகிறது. மறுபக்கம், ‘நடுத்தரம்’ என்று வந்தால் குழு நிம்மதியாகக் கையெழுத்திடுகிறது. அந்த நடுத்தரப் பல்கலைக்கழகத்தின் ஒரேயொரு பாதுகாப்பு ஆய்வகம் நாம் கைகோக்கப் போகும் ஆய்வகமாகவே இருக்கக்கூடும். தளத்தின் பக்கத்தை முழுக்கப் படித்தவருக்கு அந்த ஆய்வகத்தின் பெயர் கண்ணில் படும், தட்டை மட்டும் பார்த்தவருக்குப் படாது.

ஆகவே என் தீர்ப்பு இதுதான்: பக்கத்தில் எழுதியிருப்பது சிறந்தது, மேலே ஒட்டியிருக்கும் முத்திரை அபாயகரமானது. தட்டுகளை நீக்கிவிட்டு விவரங்களை மட்டும் வைத்திருந்தால் தளம் இவ்வளவு பேரைச் சென்றடைந்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

முத்திரை நிறுவனத்தோடு நிற்காமல் மனிதர்கள் மேல் விழும் ஆபத்து இதைவிடப் பெரியது. அமெரிக்க நீதித் துறை 2018-இல் தொடங்கிய ‘சைனா இனிஷியேட்டிவ்’ என்னும் நடவடிக்கை, உளவாளிகளைப் பிடிக்கப் புறப்பட்டு, மானிய விண்ணப்பத்தில் ஒரு சீனத் தொடர்பைக் குறிப்பிடத் தவறியவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் நிலைக்கு வந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் கேங் சென் மீதான குற்றச்சாட்டுகள் 2022 ஜனவரியில் கைவிடப்பட்டன. அடுத்த மாதமே அந்த நடவடிக்கை முடித்துக்கொள்ளப்பட்டது. டிராக்கர் மனிதர்களின் பெயரைப் பட்டியலிடுவதில்லை, அது நிறுவனங்களைப் பற்றியது, அது சரியான முடிவு. ஆனால் பத்து வருடத்துக்கு முன் பெய்ஹாங்கில் இளநிலைப் பட்டம் படித்த ஒரு இளைஞரின் வேலை விண்ணப்பத்தை இந்தத் தளத்தில் தேடிப் பார்த்து ஒதுக்குவது எவருக்கும் எளிது, அதற்குத் தளத்தில் எந்தத் தடையும் கிடையாது. ஒரு நிறுவனத்தோடு இன்றைக்கு இருக்கும் பிணைப்பும் என்றோ அங்கே படித்ததும் வேறுவேறு என்பதை முகப்பிலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம்.

ஒப்பிடுவதற்குக் கனடா அரசின் பட்டியல் பொருத்தமானது. 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டு அதே ஆண்டு மே மாதம் முதல் நடைமுறைக்கு வந்த அந்தக் கொள்கை, சீனா, ரஷ்யா, ஈரான் ஆகிய நாடுகளின் 103 ஆய்வு நிறுவனங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. பாதுகாப்பு நோக்கில் கவனம் தேவைப்படும் 11 தொழில்நுட்பத் துறைகளையும் பட்டியலிட்டது. அத்துறைகளில் ஒன்றை முன்னேற்றும் திட்டத்தில், பட்டியலில் உள்ள நிறுவனத்தோடு தொடர்போ அதன் பண உதவியோ உள்ள ஆய்வாளர் இருந்தால் கூட்டரசு மானியம் கிடையாது. இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்தால்தான் தடை என்பது இதன் பெரிய பலம். என்ன ஆய்வு என்ற கேள்வி சட்டகத்துக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது, ஹார்பினின் கழிவுநீர் ஆய்வாளர் தப்பிப்பார், விண்கலக் கட்டுப்பாட்டு ஆய்வாளர் சிக்குவார். டிராக்கரில் இல்லாத ரஷ்ய, ஈரானிய நிறுவனங்களும் இதில் உண்டு. ஆனால் ஏன் இந்த 103, ஏன் அந்த நிறுவனம் இல்லை என்பதற்கு ஒரு வரி விளக்கமும் பட்டியலில் கிடையாது. அரசு சொல்கிறது, ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரு ஆய்வாளரிடம் ‘உங்கள் கூட்டாளியோடு வேலை செய்ய முடியாது’ என்று சொல்ல நேரும்போது, காரணத்தை ஆவணத்தோடு காட்ட முடிவது எவ்வளவு முக்கியம் என்பதை அந்த இடத்தில் இருந்தவர்கள் அறிவார்கள். டிராக்கரிடம் அதிகாரம் இல்லை, காரணம் உண்டு. கனடாவின் பட்டியலிடம் அதிகாரம் உண்டு, காரணம் இல்லை. ஒரு பேராசிரியரைச் சமாதானப்படுத்த எனக்குக் காரணம்தான் வேண்டும்.

வெளிநாட்டுத் தலையீடு என்பது தொழில்நுட்பக் கசிவோடு முடிந்துவிடுவதும் இல்லை. வகுப்பில் பேசியதற்காக ஒரு மாணவரின் பெற்றோரை ஊரில் விசாரணைக்கு அழைப்பது, நிதி தருபவர் ஒரு மாநாட்டின் தலைப்பை மாற்றச் சொல்வது, ஆய்வாளர் தன் முதலாளிக்குத் தெரியாமல் இன்னொரு நாடு அறிஞர்களை ஈர்க்க நடத்தும் திறமையாளர் திட்டத்தில் சம்பளம் வாங்குவது எல்லாம் அதில் சேரும். ஆஸ்திரேலியாவில் 2019 ஆகஸ்டில் அமைக்கப்பட்ட பல்கலைக்கழக வெளிநாட்டுத் தலையீட்டுப் பணிக்குழு அந்த ஆண்டு நவம்பரில் வெளியிட்டு 2021-இல் திருத்திய வழிகாட்டு நெறிகள், இவற்றை எல்லாம் தொட்டுச் செல்கின்றன. எந்த நாட்டையும் பெயர் சொல்வதில்லை. டிராக்கர் பெயர் சொல்கிறது, ஆனால் இந்தப் பிரச்சினைகள் எதையும் அது தொடுவதில்லை. பெயர் சொல்லாத நெறிகளோடு மட்டும் ஒரு அலுவலகம் எப்படி வேலை செய்யும் என்று கேட்டால், கஷ்டப்பட்டுத்தான் என்பேன்.

பணத்தின் பக்கத்தையும் இத்தகைய தளம் கவனிக்க வேண்டும், இது ஓரளவே கவனிக்கிறது. சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2017-இல் சீனாவின் அரசு மின்னணுக் குழுமமான சிஇடிசி-யோடு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் மதிப்பில் கூட்டு மையம் தொடங்கியது. அதே குழுமம் வடமேற்குச் சீனாவின் ஷின்ஜியாங்கில் உய்குர் என்னும் முஸ்லிம் சிறுபான்மை மக்களைக் கண்காணிக்கும் கணினி அமைப்பைக் கட்டியது என்பது வெளிவந்த பிறகு, 2019-இல் அந்த உறவை மறுபரிசீலனை செய்தது. லண்டனின் இம்பீரியல் கல்லூரி சீன விமானத் தொழில் நிறுவனங்களின் பணத்தில் நடந்த இரண்டு ஆய்வு மையங்களை மூடப்போவதாக 2022-இல் தெரிந்தது. இரண்டிலும் மறுமுனையில் இருந்தது பல்கலைக்கழகம் அல்ல, ஆயுதத் தொழில் பெருநிறுவனம். அத்தகைய 12 பெருநிறுவனங்களைத் தளம் உள்ளடக்குகிறது. அவற்றின் நூற்றுக்கணக்கான துணை நிறுவனங்களைத் தனித்தனியே தேட முடியாது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதோ பெரும்பாலும் துணை நிறுவனம்தான்.

தளத்தின் வயதை மறைக்க முடியாது. அதன் அடித்தளம் 2019-இல் திரட்டிய தரவுகள். அதற்குப் பிறகு ஹார்பினின் இரண்டு பல்கலைக்கழகங்கள் 2020-இல் அமெரிக்க வர்த்தகத் துறையின் ஏற்றுமதித் தடைப் பட்டியலில் ஏறின; ஆஸ்திரேலியாவின் பாதுகாப்பு வர்த்தகக் கட்டுப்பாட்டுச் சட்டம் திருத்தப்பட்டு, கட்டுப்படுத்தப்பட்ட தொழில்நுட்பத்தை நாட்டுக்குள்ளேயே அனுமதியின்றி வெளிநாட்டவரிடம் தருவதும் குற்றமாகும் விதிகள் 2025 மார்ச் முதல் அமலுக்கு வந்தன. புதிதாகத் திரட்டலாம் என்றால் மூலங்கள் சுருங்கிக்கொண்டிருக்கின்றன. சீனாவின் மிகப் பெரிய கல்வித் தரவுத்தளமான சிஎன்கேஐ 2023 ஏப்ரலில் தன் சேகரிப்பின் பகுதிகளை வெளிநாட்டு வாசகர்களுக்கு மூடியது. ஒரு காலத்தில் பல்கலைக்கழகங்கள் தம் இணையதளத்தில் பெருமையோடு எழுதியவற்றை இன்று அப்படி எழுதுவதில்லை. தளத்தின் இணைப்புகளில் திறக்காதவை ஏராளம் என்று அலுத்துக்கொள்ளும்போது, அவற்றின் உள்ளடக்கத்தை யாரோ ஒருவர் அன்று படித்து எழுதிவைத்திருக்கிறார் என்பதற்கு நன்றியும் தோன்றுகிறது.

நிதி எங்கிருந்து வந்தது என்பதும் வாசகர் அறிய வேண்டியது. ஆஸ்பி 2001-இல் ஆஸ்திரேலிய அரசால் நிறுவப்பட்டது, அதன் முதுகெலும்பு நிதி பாதுகாப்புத் துறையுடையது; டிராக்கர் உருவாக்கத்துக்கு அமெரிக்க வெளியுறவுத் துறை பணம் கொடுத்தது. ஆஸ்பி இதை மறைக்கவில்லை. சீன அரசும் உள்ளூர் விமர்சகர்களும் இதைச் சுட்டிக்காட்டித் தளத்தையே புறந்தள்ளுவது உண்டு. தட்டு ஏன் இவ்வளவு தாராளமாக வழங்கப்பட்டது என்று கேட்க இது நியாயமான அடிப்படை. ஆனால் ஒரு பல்கலைக்கழகம் தானே வெளியிட்ட ரகசியத் தகுதிச் சான்றுச் செய்தியைப் பொய்யாக்க இது போதாது. 2025-இல் அமெரிக்க வெளிநாட்டு நிதி முடக்கப்பட்டபோது ஆஸ்பியின் சீனா தொடர்பான ஆய்வுகள் சில நிறுத்திவைக்கப்பட்டன. பிறர் பணத்தில் கட்டிய கருவியை எல்லா நாட்டுப் பல்கலைக்கழகங்களும் இலவசமாகப் பயன்படுத்திவிட்டு, அதன் பராமரிப்புக்கு எவரும் பங்களிக்காமல் இருந்ததன் விளைவு இதில் கொஞ்சம் தெரிகிறது.

இப்போதைக்குப் பயன்படுத்துபவர்களுக்கு என் ஆலோசனை: கூட்டாளியின் ஆங்கிலப் பெயரை மட்டும் நம்பாமல் சீன எழுத்திலும் தேடுங்கள், ஏனெனில் ஒரே நிறுவனத்துக்குப் பல ஆங்கிலப் பெயர்கள் உண்டு. பக்கத்தைத் திறந்தவுடன் தட்டைத் தாண்டி ஆய்வகங்களின் பட்டியலுக்குச் செல்லுங்கள். உங்கள் பேராசிரியரின் கூட்டாளி அந்த ஆய்வகங்களில் எதிலாவது இருக்கிறாரா என்று அவருடைய சமீபத்திய கட்டுரைகளின் முகவரி வரியில் பாருங்கள். பிறகு அமெரிக்கத் தடைப் பட்டியலையும் கனடாவின் பட்டியலையும் அதனோடு ஒத்துப் பாருங்கள். முடிவு எதுவானாலும், எந்த வாக்கியத்தை ஆதாரமாகக் கொண்டீர்கள், அதை எந்தத் தேதியில் படித்தீர்கள் என்பதைக் கோப்பில் எழுதிவையுங்கள். ஓராண்டு கழித்து அதே கூட்டாளி புதுத் திட்டத்தோடு வரும்போது கோப்பைத் திறப்பவர் வேறொருவராக இருப்பார்.